வெள்ளி விலை ஏறினா தறிக்கூட சுவிட்ச் விலையும் ஏறுமா? சங்கரன்கோவில் விசைத்தறியாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

வெள்ளி விலை ஏறினால் கொலுசு வாங்கப் போகிறவர்கள்தான் கவலைப்படுவார்கள் என்று நினைப்போம். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கும் அந்தக் கவலை உண்டு. தறி மோட்டாரை ஓட விடுவதும் நிறுத்துவதும் சுவிட்ச். அந்த சுவிட்சுக்குள் இருப்பது வெள்ளி.

2025 தொடங்கும்போது சென்னையில் ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாய்க்குக் கீழே விற்றது. அதே ஆண்டு டிசம்பரில் 200 ரூபாயைத் தாண்டியது. லண்டன் உலோகச் சந்தையில் தாமிரம் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியதும் அதே டிசம்பரில்தான். வெள்ளியும் தாமிரமும் இல்லாமல் தொழிற்சாலை சுவிட்ச் கிடையாது.

சரி, உலோக விலை மட்டும்தான் காரணமா? ஒரே கம்பெனி, ஒரே மாடல் சுவிட்சை பெரிய மில் ஒரு விலைக்கும், நாலு தறி வைத்திருப்பவர் வேறு விலைக்கும் வாங்குவது ஏன்? விலையை உண்மையில் முடிவு செய்வது யார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தறிக்கூடத்தில் என்னென்ன சுவிட்ச் இருக்கு?

வீட்டில் ஃபேன் போட ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். தறிக்கூடம் அப்படி இல்லை. மீட்டர் போர்டில் இருந்து தறி மோட்டார் வரை கரண்ட் பல வாசல்களைத் தாண்டித்தான் வருகிறது.

• மெயின் சுவிட்ச்: மொத்தக் கூடத்துக்கும் கரண்டை நிறுத்த. பழைய கூடங்களில் இன்னும் ஃபீஸ் கட்டையுடன் இருக்கும்.
• எம்.சி.பி. அல்லது எம்.சி.சி.பி.: ஷார்ட் ஆனாலோ, லோடு கூடினாலோ தானாக விழுந்துவிடும்.
• ஸ்டார்ட்டர்: பச்சை பட்டன், சிவப்பு பட்டன் உள்ள பெட்டி. இதற்குள் 'கான்டாக்டர்' என்ற சுவிட்சும், மோட்டார் எரியாமல் காக்கும் 'ஓவர்லோடு ரிலே'யும் இருக்கும்.
• ஆர்.சி.சி.பி.: கரண்ட் கசிந்து ஆள் மேல் பாயாமல் தடுக்கும்.

இதில் அதிகம் அடிபடுவது கான்டாக்டர். தறியில் நூல் அறுந்தால் நிறுத்தணும், முடிச்சுப் போட்டு மறுபடி ஓட விடணும். கரண்ட் போய் வந்தால் மறுபடி ஸ்டார்ட். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், அந்த ஓரிரு நொடிகளில் வழக்கத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்டை இழுக்கும். அதைத் தாங்குவது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டரின் சிறு உலோகப் பொட்டுகள்.

அந்தப் பொட்டில் வெள்ளி எதுக்கு?

உலோகங்களிலேயே கரண்டை மிக எளிதாகக் கடத்துவது வெள்ளிதான். தாமிரம் அதற்கு அடுத்த இடம். அப்படியென்றால் தாமிரத்தையே வைக்கலாமே?

வைத்தால் சிக்கல். சூட்டில் தாமிரத்தின் மேல் ஒரு படலம் படியும். அந்தப் படலம் கரண்டைத் தடுக்கும். தடுத்தால் இன்னும் சூடு, இன்னும் படலம். கடைசியில் பாயின்ட் கருகும். வெள்ளியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், தீப்பொறியில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் நிக்கல், டின் ஆக்ஸைடு போன்றவற்றைக் கலந்து பொட்டு செய்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு சுவிட்சில் 2 கிராம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கிராம் 100 ரூபாய் என்றால் வெள்ளிக்கு மட்டும் 200 ரூபாய். கிராம் 200 ஆனால் 400 ரூபாய். சுவிட்சின் வடிவம் மாறவில்லை, வேலை மாறவில்லை. ஆனால் கம்பெனிக்கு அடக்கவிலையிலேயே 200 ரூபாய் கூடிவிட்டது. அதன் மேல் கம்பெனி லாபம், டீலர் லாபம், வரி எல்லாம் ஏறும்.

இதைச் சமாளிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது: வெள்ளியின் அளவைக் குறைப்பது. பொட்டின் கனம் குறைந்தால் விலை குறையும், ஆயுளும் குறையும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பேர் தெரியாத பிராண்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கும்போது யோசிக்க வேண்டியது இதைத்தான்.

லிஸ்ட் பிரைஸ், டிஸ்கவுன்ட்... நடுவுல என்ன நடக்குது?

தொழிற்சாலை சுவிட்சுகளுக்கு ஒரு விசித்திரமான விலை முறை உண்டு. கம்பெனி ஒரு 'லிஸ்ட் பிரைஸ்' புத்தகம் போடும். அந்த விலைக்கு கிட்டத்தட்ட யாருமே வாங்குவதில்லை. அதிலிருந்து எத்தனை சதவீதம் டிஸ்கவுன்ட் என்பதுதான் உண்மையான பேரம். கடையில் "லிஸ்ட்ல நாப்பது லெஸ்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இந்த முறையில் விலை உயர்வு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். எப்படி?

• லிஸ்ட் பிரைஸ் 1,000 ரூபாய், டிஸ்கவுன்ட் 40% என்றால் உங்கள் விலை 600.
• அடுத்த லிஸ்டில் விலை 10% ஏறுகிறது. இப்போது 1,100.
• டிஸ்கவுன்டும் 40-ல் இருந்து 35% ஆகக் குறைகிறது. உங்கள் விலை 715.

"பத்து சதவீதம்தானே ஏறியிருக்கு" என்பார்கள். உங்கள் கையில் இருந்து போனது 19 சதவீதத்துக்கு மேல். லிஸ்ட் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. பழைய பில்லை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

டிஸ்கவுன்டை யார் முடிவு செய்கிறார்கள்? வாங்கும் அளவுதான். ஆயிரக்கணக்கில் வாங்கும் மில்லோ, பேனல் போர்டு செய்யும் நிறுவனமோ கம்பெனியிடம் நேரடியாகத் தனி விலை பேசலாம். ஒன்றோ இரண்டோ வாங்கும் சிறு தறிக்காரரின் கைக்கு வருவதற்குள் ஸ்டாக்கிஸ்ட், சில்லறைக் கடை என்று ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்திருக்கும். எலக்ட்ரீஷியன் மூலம் வாங்கினால் இன்னொரு கை.

அவசரத்துக்கும் விலை உண்டு. தறி நின்றுபோன மதியம் ஸ்டார்ட்டர் வாங்க ஓடுபவருக்கு மூன்று கடை ஏறி இறங்க நேரம் கிடையாது. சொன்ன விலைதான்.

மார்க்கெட்ல போட்டி இல்லையா?

இருக்கிறது. ஆனால் சில வருடங்களாக நடந்துவரும் ஒரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் பல தலைமுறையாகப் பழகிய பேர் 'எல் அண்ட் டி' ஸ்டார்ட்டர். அந்த நிறுவனத்தின் மின்சாதனப் பிரிவை வாங்குவதாக பிரான்ஸின் ஷ்னைடர் எலக்ட்ரிக் 2018 மே மாதம் அறிவித்தது. விலை 14,000 கோடி ரூபாய். சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் இதில் 35% பங்குதாரர்.

இந்தியப் போட்டி ஆணையம் இதை உடனே விட்டுவிடவில்லை. நாட்டில் லோ வோல்டேஜ் சுவிட்ச்கியர் விற்பதில் முன்னணியில் இருந்த இரண்டு பேர் ஒன்று சேர்ந்தால், வாங்குபவர்களுக்குத் தேர்வு குறையாதா என்பது கேள்வி. நீண்ட விசாரணைக்குப் பிறகு 2019 ஏப்ரலில் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. இரண்டு நிபந்தனைகள் முக்கியம்.

• சந்தையில் அதிகப் பங்கு வைத்திருக்கும் குறிப்பிட்ட பொருட்களில், ஆலையின் உற்பத்தித் திறனில் ஒரு பகுதியைப் போட்டி நிறுவனங்களுக்காக ஐந்து ஆண்டுகள் ஒதுக்க வேண்டும். அவர்கள் அதைத் தங்கள் பிராண்டில் விற்கலாம்.
• "எங்க பொருளை மட்டும்தான் விக்கணும்" என்று டீலர்களைக் கட்டிப்போடக் கூடாது.

2020 ஆகஸ்ட் 31-ல் கைமாற்றம் முடிந்தது. 2024-ல் எல் அண்ட் டி சுவிட்ச்கியர் என்ற பேரும் மாறி 'லாரிட்ஸ் நுட்சன்' ஆனது. 2025 ஜூலையில், டெமாசெக்கின் 35% பங்கையும் 550 கோடி யூரோவுக்கு வாங்கப்போவதாக ஷ்னைடர் அறிவித்தது.

இதனால் விலை ஏறிவிட்டது என்று நேராக முடிச்சுப் போட முடியாது. ஏபிபி, சீமென்ஸ், ஹேவல்ஸ், சி அண்ட் எஸ், பி.சி.ஹெச். என்று மற்ற நிறுவனங்களும் களத்தில் இருக்கின்றன. ஆனால் நிபந்தனைகளுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. ஒன்று சேர்ந்த நிறுவனத்துக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அரசாங்கம் வாங்கும்போது என்ன விலை?

பெரிய அளவில் வாங்குபவர்களில் முதல் வரிசையில் மின் வாரியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு நிறுவனங்கள் பொருள் வாங்க 1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. சீல் வைத்த டெண்டர், தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர். அதைத்தான் 'எல் ஒன்' என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெண்டர் போடுபவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால்? எது குறைந்த விலை என்பதையும் அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

இது கற்பனை இல்லை. சுவிட்ச்கியர் துறையில் உலகப் புகழ்பெற்ற இரண்டு வழக்குகள் உண்டு.

முதலாவது அமெரிக்காவில். 1950-களின் கடைசியில், அங்கே டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு மின் நிறுவனத்துக்கு வந்த சீல் வைத்த டெண்டர்களில் ஒரே விலை இருப்பது வெளியே தெரிந்தது. தோண்டினால், ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் உட்பட 29 நிறுவனங்கள் சிக்கின. சுவிட்ச்கியர் டெண்டரில் இந்த முறை யார் குறைவாகக் கேட்பது என்பதற்கு அவர்கள் ஒரு முறை-வாரி அட்டவணையே வைத்திருந்தார்கள். 'நிலாவின் பிறை' என்பது அதன் சங்கேதப் பெயர். 1961-ல் ஏழு அதிகாரிகள் 30 நாள் சிறைக்குப் போனார்கள்.

இரண்டாவது ஐரோப்பாவில். மின் நிலையங்களுக்கான பெரிய சுவிட்ச்கியர்களின் டெண்டர்களை 1988 முதல் 2004 வரை பங்கு போட்டுக்கொண்டதாக 11 நிறுவனக் குழுமங்களுக்கு எதிராக ஐரோப்பிய ஆணையம் 2007 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மொத்த அபராதம் 75 கோடி யூரோவுக்கு மேல். ரகசியத்தை முதலில் போட்டுக்கொடுத்த ஏபிபி மட்டும் அபராதத்தில் இருந்து தப்பியது.

தமிழ்நாட்டிலும் இதே மாதிரியான கேள்வி எழுந்தது. மின் வாரியம் 2021 முதல் 2023 வரை டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய டெண்டர்களில் பல நிறுவனங்கள் ஒரே விலையைக் கேட்டன, அதனால் வாரியத்துக்குச் சுமார் 397 கோடி ரூபாய் இழப்பு என்று அறப்போர் இயக்கம் 2023 ஜூலையில் புகார் கொடுத்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இது குற்றச்சாட்டு. ஆனால் 'வேறு வேறு கவர், ஒரே விலை' என்பதைப் பார்த்தால் ஏன் எச்சரிக்கை மணி அடிக்கிறது என்பதற்கு மேலே சொன்ன அமெரிக்கக் கதையே பதில்.

இதுக்கும் தறிக்காரருக்கும் என்ன சம்பந்தம்? வாரியம் அதிக விலை கொடுத்தால், அந்தச் செலவு கடைசியில் மின் கட்டணக் கணக்கில்தான் வந்து உட்காரும்.

விலை ஏறினா பெரியவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?

இங்கேதான் சங்கரன்கோவிலின் உண்மையான பிரச்னை இருக்கிறது.

மின்சாதனத் தயாரிப்பாளர்கள் சங்கமான ஐ.இ.இ.எம்.ஏ., தாமிரம், அலுமினியம், இரும்பு போன்ற மூலப்பொருட்களின் விலையை மாதந்தோறும் வெளியிடுகிறது. பெரிய டெண்டர்களில் 'விலை மாறுபாட்டு விதி' என்று ஒன்று இருக்கும். மூலப்பொருள் விலை ஏறினால், ஒரு சூத்திரத்தின்படி ஒப்பந்த விலையும் ஏறும். இறங்கினால் இறங்கும். சப்ளை செய்பவருக்கு இது பாதுகாப்பு.

கூலிக்கு நெய்யும் தறிக்காரருக்கு அப்படி ஒரு விதி இல்லை. நூலை வியாபாரி கொடுப்பார், சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கூலி உயர்வு பேசி முடிப்பதற்கே போராட்டம், பேச்சுவார்த்தை என்று மாதங்கள் போய்விடும். ஒருமுறை முடிவானால் அடுத்த ஒப்பந்தம் வரை அதே கூலிதான். நடுவில் ஸ்டார்ட்டர் விலை ஏறினால் அந்த உயர்வை அவர் யார் தலையிலும் கட்ட முடியாது.

விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் 2023 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு 750 யூனிட். பெரிய உதவிதான். ஆனால் கரண்டுக்கு மானியம் இருக்கு, கரண்டைக் கட்டுப்படுத்துற சுவிட்சுக்கு இல்லை.

ஜி.எஸ்.டி. எவ்வளவு?

ஜி.எஸ்.டி. வந்த புதிதில் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே, பேனல் போர்டு எல்லாவற்றுக்கும் 28% வரி. 2017 நவம்பரில் குவாஹாட்டியில் நடந்த கவுன்சில் கூட்டத்தில் இது 18% ஆனது. 2025 செப்டம்பர் 22-ல் வரி அடுக்குகள் மாற்றப்பட்ட பிறகும் சுவிட்சுகளுக்கு அதே 18 சதவீதம்தான்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள மில், விதிகளுக்கு உட்பட்டு இந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவே இல்லாத சிறு தறிக்காரருக்கு அந்த 18 சதவீதமும் செலவு. மேலே பார்த்த 715 ரூபாய் சுவிட்ச், பதிவுள்ளவருக்குக் கடைசியில் 715-தான். பதிவில்லாதவருக்கு கிட்டத்தட்ட 844 ரூபாய். பெரியவருக்கும் சிறியவருக்கும் நடுவில் இடைவெளி இங்கேயும் கூடுகிறது.

அப்போ விலை குறைஞ்சதை வாங்கிடலாமே?

அதில்தான் ஆபத்து. தறிக்கூடத்தில் எங்கு பார்த்தாலும் பஞ்சுத் தூசி. பாயின்ட் சரியாகப் பிடிக்காத சுவிட்ச் சூடாகும், பொறி விடும். தூசி படிந்த பெட்டிக்குள் ஒரு பொறி போதும். எரிந்து போவது சுவிட்ச் மட்டும் இல்லை; பாவு நூல், கூரை, சில நேரம் ஆளும்.

எம்.சி.பி.க்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2003-ல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணையிலேயே கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த கட்டமாக, இயந்திரங்கள் மற்றும் மின்சாதனங்களுக்கான பாதுகாப்பு ஆணையை மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல் வெளியிட்டது. சுவிட்ச்கியரும் இந்தப் பட்டியலில் உண்டு, நெசவுத் தறிகளும் உண்டு. முதலில் ஓராண்டில் அமல் என்றார்கள். பிறகு 2026 செப்டம்பர் 1-க்குத் தள்ளி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட ஆணைகளுக்கு இரண்டு பக்கம் உண்டு. தரமில்லாத இறக்குமதி குறையும். அதே நேரம் சோதனை, சான்றிதழ் செலவைத் தாங்க முடியாத சின்னத் தயாரிப்பாளர்கள் ஒதுங்கினால், மிச்சமிருக்கும் பெரிய பிராண்டுகளின் கை ஓங்கும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

• ஏ.சி.-3 ரேட்டிங் கேளுங்கள். கான்டாக்டரில் ஏ.சி.-1, ஏ.சி.-3 என்று இரண்டு ஆம்பியர் எண்கள் இருக்கும். ஏ.சி.-1 ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டாருக்குப் பார்க்க வேண்டியது ஏ.சி.-3. பெரிய எண்ணைக் காட்டி விற்றால் ஏமாறாதீர்கள்.
• ஐ.எஸ்/ஐ.இ.சி. 60947 என்ற எண் கான்டாக்டர், எம்.சி.சி.பி. மேல் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.சி.பி. என்றால் 60898 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும்.
• பெட்டியின் ஐ.பி. எண்: தூசிக்கு முதல் இலக்கம் முக்கியம். 5 என்றால் தூசிப் பாதுகாப்பு, 6 என்றால் தூசி புகவே புகாது.
• ஓவர்லோடு ரிலே ரேஞ்ச்: உங்கள் மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியர் அந்த ரேஞ்சுக்குள் வர வேண்டும். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று பெரியதாகப் போட்டால் ரிலே விழாது, மோட்டார் எரியும்.
• உதிரி கிடைக்குமா? பாயின்ட் கிட், காயில் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால், முழு ஸ்டார்ட்டரையும் மாற்ற வேண்டியதில்லை.
• பில் வாங்குங்கள். அதில் லிஸ்ட் பிரைஸ், டிஸ்கவுன்ட் சதவீதம் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை பேரம் பேச அதுதான் ஆதாரம்.

சேர்ந்து வாங்கினால்?

நூலுக்கு இந்த யோசனையை அரசே ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. 2017 ஏப்ரலில் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் 'நூல் வங்கி' என்று ஒரு பிரிவு இருந்தது. சிறு தறியாளர்கள் கூட்டாகச் சேர்ந்தால், மொத்த விலைக்கு நூல் வாங்க அதிகபட்சம் 2 கோடி ரூபாய் வரை வட்டியில்லா நிதி. தனியாக வாங்கினால் சில்லறை விலை, சேர்ந்து வாங்கினால் மொத்த விலை என்பதுதான் அடிப்படை.

சுவிட்சுக்கும் இதே கணக்கு பொருந்தும். தறியாளர் சங்கம் ஒன்று, ஊரில் அதிகம் ஓடும் மோட்டார் அளவுக்கு ஏற்ற இரண்டு மூன்று ஸ்டார்ட்டர் மாடல்களை முடிவு செய்து, வருடத்துக்கு ஒருமுறை மூன்று ஸ்டாக்கிஸ்ட்களிடம் விலை கேட்டு வாங்கி வைத்தால் போதும். 600-க்கும் 715-க்கும் நடுவில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது தறிக்காரர் கையில் நிற்கும். தறி நின்ற மதியம் கடை கடையாக ஓடவும் வேண்டாம். அந்தக் கையிருப்புக்கு முதல் போட அரசும் உதவினால் இன்னும் சுலபம்.

வெள்ளி விலையை சங்கரன்கோவிலில் உட்கார்ந்து யாராலும் இறக்க முடியாது. ஆனால் லிஸ்டுக்கும் பில்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி உலகச் சந்தையில் முடிவாவது இல்லை. அது கடை கவுன்ட்டரில் முடிவாவது. அங்கே ஒருவராகப் போய் நிற்பதற்கும் நூறு பேராகப் போய் நிற்பதற்கும் விலை வேறுதான்.